செவ்வாய்க்குப் போகும் கனவு: இன்னும் மனத்தை விட்டு அகலாத ஓர் அனுபவம்

வாசகர்கள் தம் ஊர்ப் பெயரோடு எழுதி அனுப்பியவை:

கானாடுகாத்தான்:

வார இதழில் வந்த விண்வெளித் தொடர்கதையை அப்பத்தாவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுவது பள்ளி நாட்களில் என் பொறுப்பு. செவ்வாயில் குடியேற்றம், கண்ணாடிக் கூரைக்குக் கீழே ஒரு நகரம் என்று எல்லோரும் அறிந்த வகைக் கதைதான். கப்பல் பூமியை விட்டுக் கிளம்பும் இடத்தில் அப்பத்தா என்னை நிறுத்தச் சொல்லி, "போனவுக எப்பத் திரும்புவாக? கடுதாசி வருமா?" என்று கேட்டார். ஐயா (அப்பத்தாவின் கணவர்) பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போயிருந்த ஆண்டுகளில் அதே வளவு வீட்டில் காத்திருந்தவர் அவர். கதாசிரியரோ அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.

விடை எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் கிடைத்தது. பூமியும் செவ்வாயும் பயணத்துக்கு ஏற்றபடி அமைவது ஏறத்தாழ 26 மாதங்களுக்கு ஒருமுறைதான் என்பதால், ஆறு முதல் ஒன்பது மாதங்கள் பயணம் செய்து அங்கே இறங்குபவர், திரும்பும் வாய்ப்பு அமையும்வரை ஓராண்டுக்கும் மேலாகத் தங்கியாக வேண்டும். போய்வர மொத்தம் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆகிவிடும். நம் செட்டிநாட்டவர்கள் தொழிலுக்காகக் கடல் கடந்து அக்கரைக்குச் சென்ற தவணையும் மூன்று ஆண்டுகள்தான். செவ்வாயிலிருந்து செய்தி மட்டும் மூன்று முதல் இருபத்திரண்டு நிமிடங்களுக்குள் வந்து சேர்ந்துவிடும். அன்றிலிருந்து எந்த விண்வெளிக் கதையைப் படித்தாலும், வீட்டில் இருப்பவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்களா என்றே முதலில் தேடுகிறேன்.

தேவகோட்டை:

மேலே உள்ள ஒப்பீட்டை என்னால் ஏற்க முடியவில்லை. ரங்கூனில் இறங்கியவருக்கு மூச்சுவிடக் காற்று இருந்தது. தங்குவதற்கு நம்மவர்களின் பொது இடமான கிட்டங்கி இருந்தது. செவ்வாயில் இறங்குபவருக்கு இரண்டுமே கிடையாது.

என் அனுபவம் வகுப்பறையில் நிகழ்ந்தது. பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல் வெர்ன் 1865-இல் எழுதிய நிலவுப் பயணக் கதையில் மூன்று பேரைத் தொள்ளாயிரம் அடி நீளப் பீரங்கியில் வைத்துச் சுடுவார்கள். இயற்பியல் ஆசிரியர் அந்த நீளத்தைக் கரும்பலகையில் எழுதி, பூமியை விட்டு விலகத் தேவையான நொடிக்கு 11.2 கிலோமீட்டர் வேகத்தை அதற்குள் எட்ட வேண்டுமானால் என்ன ஆகும் என்று கணக்கிட்டார். புவியீர்ப்பைப் போல் இருபதாயிரம் மடங்குக்கும் அதிகமான விசை என்று விடை வந்தது. மூவரும் குழாயை விட்டு வெளியேறும் முன்பே நசுங்கி இறந்திருப்பார்கள். வகுப்பே உறைந்துபோய் உட்கார்ந்திருந்தது. பிறகு அவர், அதே வெர்னின் கதைகளால் தூண்டப்பட்ட ரஷ்ய அறிவியலாளர் சியோல்கோவ்ஸ்கி பீரங்கிக்குப் பதிலாக ராக்கெட்டை நாடினார், 1903-இல் அதன் சமன்பாட்டை வெளியிட்டார் என்று சொன்னார். பிழையான கதைதான் சரியான கணக்கைப் பெற்றெடுத்திருக்கிறது என்ற வியப்பு எனக்கு இன்றும் தீரவில்லை.

காரைக்குடி:

தேவகோட்டைக்காரர் காற்றைக் குறிப்பிட்டதால் இதை எழுதுகிறேன். எங்கள் ஊரில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சிக்ரி பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட ஒரு நாளில், கண்ணாடிக் கலத்து நீருக்குள் மின்சாரம் பாய்ந்து குமிழிகள் மேலெழுந்ததைப் பார்த்தேன். விண்வெளி நிலையத்திலும் நீரை இப்படிப் பிரித்துத்தான் ஆக்சிஜன் எடுக்கிறார்கள் என்று அங்கே விளக்கிக்கொண்டிருந்த பெண் சொன்னதும் எனக்கு மேனி சிலிர்த்தது.

பெற்றோர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். பிள்ளைகள் கதைப் புத்தகம் படித்தால் பிடுங்கி வைக்காதீர்கள். கதையில் வரும் ஒவ்வொரு இயந்திரமும் எப்படி வேலை செய்யும் என்று கேளுங்கள். விண்வெளி என்றாலே ராக்கெட் பொறியியல்தான் என்றும் எண்ண வேண்டாம். நாசா செவ்வாய்க்கு அனுப்பிய பெர்செவரன்ஸ் ஊர்தியில் சென்ற மாக்ஸி என்னும் கருவி, செவ்வாயின் கரியமில வாயுவை ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் மின்சாரத்தால் பிரித்து, 2021 முதல் 2023 வரை 16 முறை இயங்கி, மொத்தம் 122 கிராம் ஆக்சிஜன் தயாரித்தது. ஒரு மனிதருக்கு நாளொன்றுக்கு 840 கிராம் அளவில் தேவைப்படும். அந்த 122 கிராம் மூன்றரை மணி நேரத்துக்குத்தான் போதும். எஞ்சிய தூரத்தைக் கடக்க மின்வேதியியல் படித்தவர்கள் வேண்டும். எடையற்ற நிலையில் மாதத்துக்கு ஒரு விழுக்காட்டுக்கும் மேலாக எலும்பு தேய்வதைத் தடுக்க மருத்துவர்கள் வேண்டும். மின்வேதிப் பொறியியலுக்கான பட்டப்படிப்பு நம் சிக்ரியிலேயே இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், விண்ணப்பிக்கும் முறையை இந்தக் கோடைக்கு முன்பே கேட்டு வையுங்கள்.