கோர் டம்ப்பை நிறுத்திவிடலாமா, கூடாதா?

ஆந்தை:
நேற்று இரவு 2 மணிக்கு எச்சரிக்கை மணி அடித்து எழுந்தேன். ஒரு சர்வரில் டிஸ்க் நிரம்பி, தரவுத்தளம் எழுத இடமில்லாமல் நின்றுபோயிருந்தது. தேடிப் பார்த்தால் குற்றவாளி தரவுத்தளம் அல்ல. அதே சர்வரில் ஓடும் இன்னொரு சேவை 11ஆம் சிக்னலில் (தவறான நினைவக அணுகல்) விழுகிறது, தானாக எழுகிறது, மறுபடி விழுகிறது. விழும்போதெல்லாம் அந்த நேரத்து நினைவகத்தை 6 ஜிபி அளவில் ஒரு கோர் கோப்பாக, அதாவது கோர் டம்ப்பாக, எழுதிவைக்கிறது. பெயரோடு பிராசஸ் எண்ணும் சேர்வதால் பழையதன் மேல் புதியது எழுதப்படவில்லை. 31 கோப்புகள், 186 ஜிபி. தவறு செய்த சேவை எழுந்து எழுந்து ஓடிக்கொண்டிருக்க, தவறே செய்யாத தரவுத்தளம் மூச்சடைத்துக் கிடந்தது.

அந்த 31 கோப்புகளில் ஒன்றைக்கூட எந்த நிரலரும் திறந்து பார்க்கவில்லை. ஆகவே எல்லா சர்வர்களிலும் கோர் வரம்பை (கோர் கோப்பின் உச்ச அளவை) 0 ஆக்கப்போகிறேன். வெள்ளிக்கிழமை மாற்றம். மறுப்பு உள்ளவர்கள் அதற்குள் சொல்லுங்கள்.

கடைசிவரி:
நான் மறுக்கிறேன், கடுமையாகவே மறுக்கிறேன். இரவு 2 மணிக்கு எழுந்த உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் புகை வருகிறது என்பதற்காகப் புகையைக் காட்டும் கருவியை உடைக்கக் கூடாது.

சென்ற ஆண்டு எங்கள் சேவை ஒன்று ஏறத்தாழ 3 வாரங்களுக்கு ஒருமுறை விழுந்தது. லாக்கின் கடைசி வரி ஒவ்வொரு முறையும் வெவ்வேறு. எல்லாம் சாதாரண வரிகள். சோதனைச் சூழலில் ஒருமுறைகூட விழவில்லை. கடைசியில் ஒரே ஒரு கோர் கோப்பு கிடைத்தது. டீபக்கரில் (பிழை தேடும் கருவி) திறந்து, எல்லாத் த்ரெட்களின் ஸ்டாக்கையும், அதாவது எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற வரிசையையும், எடுத்தேன். விழுந்த இடத்தில் ஒரு பாயின்டர், அதாவது நினைவக முகவரியைத் தாங்கும் மாறி. அதன் மதிப்பு எந்த நினைவக முகவரிபோலவும் இல்லை. அந்த 8 பைட்டுகளையும் எழுத்துகளாக மாற்றிப் படித்தேன். எங்களுக்கு வரும் கோரிக்கைகளின் தலைப்பு வரி ஒன்றின் துண்டு! முகவரி இருக்க வேண்டிய இடத்தில் யாரோ அனுப்பிய வாசகம் உட்கார்ந்திருந்தது. நீளத்தைச் சரிபார்க்காமல் நகலெடுத்த வரியைக் கண்டுபிடிக்க அதன்பின் அரை மணி நேரம்கூட ஆகவில்லை. எந்த லாக் இதைச் சொல்லியிருக்கும்?

ஆந்தை:
ஒரு கோப்பு உதவியது என்பதை நம்புகிறேன். ஆனால் நீங்கள் பார்க்காத பக்கம் ஒன்று இருக்கிறது. எங்களிடம் 40 ஜிபி நினைவகம் பிடித்திருக்கும் பிராசஸ் ஒன்று உண்டு. நொடிக்கு 200 எம்பி வேகத்தில் எழுதினாலும் அதன் கோர் முடிய 200 நொடிகள். அதுவரை பிராசஸ் சாகவில்லை. திறந்த சாக்கெட்டுகளை (இணைப்பு முனைகளை) இயங்குதளத்தின் கருவான கர்னல் மூடுவதில்லை. போர்ட் அதன் கையிலேயே இருக்கிறது. புதிய பிராசஸ் அந்தப் போர்ட்டைக் கேட்டால் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று மறுக்கப்படுகிறது. வாடிக்கையாளரின் இணைப்பு வரிசையில் சேர்ந்துகொண்டு, யாரும் பதில் சொல்லாமல் காத்துக்கிடக்கிறது. விழுந்த பிராசஸ் உடனே செத்திருந்தால் சில நொடிகளில் மீண்டிருப்போம்.

இன்னொன்று. முன்பு ஒருமுறை கோர் கோப்பைப் பத்திரமாக எடுத்து அனுப்பினேன். எந்த பில்டில் (தொகுத்த பதிப்பில்) விழுந்ததோ அந்த பைனரி அழிக்கப்பட்டுவிட்டது, டீபக் சிம்பல்கள் (முகவரிகளை ஃபங்ஷன் பெயர்களாக்கும் தகவல்) இல்லை, ஸ்டாக்கில் வெறும் கேள்விக்குறிகள்தான் தெரிகின்றன என்று பதில் வந்தது. இதற்காகவா நான் டிஸ்க்கைக் காலி செய்து வைத்திருக்க வேண்டும்?

கடைசிவரி:
இரண்டாவது புகாருக்கு என்னிடம் மறுப்பில்லை. அது எங்கள் தரப்பின் தவறு. வெளியிட்ட ஒவ்வொரு பில்டின் சிம்பல்களையும் பில்ட் அடையாள எண்ணோடு சேர்த்து வைத்திருக்க வேண்டும். வைக்காதவர்களுக்குக் கோர் கேட்கும் உரிமை இல்லை.

40 ஜிபிக்கு வருகிறேன். அதில் எவ்வளவு பகிரப்பட்ட நினைவகம்?

ஆந்தை:
32 ஜிபி. கேஷ் முழுவதும் அதில்தான்.

கடைசிவரி:
அப்படியானால் அதை ஏன் எழுத வேண்டும்? லினக்ஸில் ஒவ்வொரு பிராசஸுக்கும் கோர்டம்ப் ஃபில்டர் என்று ஒரு பிட் வரிசை இருக்கிறது. இயல்பு மதிப்பில் பெயரற்ற பகிர்வு நினைவகமும் சேர்ந்தே எழுதப்படுகிறது. அந்த ஒரு பிட்டை அணைத்தால் மீதி 8 ஜிபி, 40 நொடி. தாய் பிராசஸில் அமைத்தால் பிள்ளைகளுக்கும் அது தொடரும். நான் தேடுவது பெரும்பாலும் ஸ்டாக்கிலும் ஹீப்பிலும்தான் (நிரல் ஓடும்போது கேட்டுப் பெறும் நினைவகம்) இருக்கும். கேஷ் எனக்கு வேண்டாம்.

பூட்டுச்சாவி:
இடத்தையும் நேரத்தையும் மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அந்தக் கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று பேசுவோம். இணைப்பைப் பாதுகாக்கும் டிஎல்எஸ் தனிச்சாவி, தரவுத்தளக் கடவுச்சொல், உள்ளே நுழைந்திருக்கும் பயனர்களின் டோக்கன்கள். நினைவகத்தில் மறைகுறியாக்கம் நீங்கிய நிலையில் இருப்பதெல்லாம் அப்படியே டிஸ்க்கில் இறங்குகிறது. 2025 மே மாதம், லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் கோர் சேகரிப்பானிலேயே ஒரு ஓட்டை வெளியானது: உயர் அனுமதியோடு ஓடும் நிரலை வேண்டுமென்றே விழவைத்து, பிராசஸ் எண்ணை மாற்றிப்போட்டு, அதன் கோரைச் சாதாரணப் பயனர் படிக்க முடிந்தது. கடவுச்சொல் ஹாஷ்கள் (கடவுச்சொற்களின் உருமாற்றிய வடிவங்கள்) அதில் கிடைத்தன. 2023இல் தெரியவந்த மைக்ரோசாஃப்ட் கையொப்பச் சாவித் திருட்டு நடந்ததும் ஒரு கிராஷ் டம்ப் வழியாகத்தான். ஆந்தை சொல்வதுபோல் 0 ஆக்குவதே சரி.

கடைசிவரி:
மைக்ரோசாஃப்ட் விஷயத்தில் திருத்தம் தேவை. 2023 செப்டம்பரில் கிராஷ் டம்ப்பிலிருந்து போயிருக்கலாம் என்றார்கள். 2024 மார்ச்சில் அதே அறிக்கையைத் திருத்தி, அந்தச் சாவி அடங்கிய டம்ப் எதையும் தாங்கள் கண்டெடுக்கவில்லை என்று எழுதினார்கள்.

பூட்டுச்சாவி:
சரி, அந்த உதாரணத்தைத் திரும்பப் பெறுகிறேன். சாவி நினைவகத்தில் இருந்தால் கோரிலும் இருக்கும் என்பதற்கு உதாரணமே தேவையில்லை. கோரில் சேர்க்காதே என்று குறிப்பிட்ட நினைவகப் பக்கங்களுக்குச் சொல்லும் வசதி லினக்ஸ் 3.4 முதல் இருக்கிறது, உண்மைதான். ஆனால் நிரல் அந்தச் சாவியை வேறெங்கோ ஒரு பஃபரில் நகலெடுத்திருந்தால் அந்த நகலுக்குப் பாதுகாப்பு இல்லை. நகல் இல்லை என்று உங்களில் யார் உறுதி தருவீர்கள்?

பழையமரம்:
நான் சோலாரிஸ் என்ற யூனிக்ஸ் இயங்குதளத்தின் காலத்து ஆள். கோர்அட்ம் என்ற ஒரே கட்டளையில் கோர் எங்கே போக வேண்டும், என்ன பெயரில், எந்தெந்தப் பகுதிகளோடு என்று முடித்துவிடுவோம். கோர்களுக்கென்று தனி ஃபைல்சிஸ்டம். அது நிரம்பினால் அது மட்டுமே நிரம்பும். தரவுத்தளமும் கோரும் ஒரே டிஸ்க்கைப் பங்குபோட்டுக்கொண்டது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

ஆந்தை அவர்களே, 0 ஆக்குவதற்கு முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள். லிமிட்ஸ் கோப்பில் எழுதும் வரம்பு உள்நுழையும் அமர்வுகளுக்குத்தான். சிஸ்டம்டி தொடங்கும் சேவைக்கு அதன் யூனிட் கோப்பில் (சேவையின் அமைப்புக் கோப்பு) தனியாக எழுத வேண்டும். அடுத்து, கோர் பேட்டர்ன் (கோர் எங்கே போக வேண்டும் என்ற கர்னல் அமைப்பு) கோரைப் பைப் வழியாக ஒரு நிரலுக்கு அனுப்பினால் கர்னல் இந்த வரம்பை அமல்படுத்தாது. சிஸ்டம்டியின் சேகரிப்பான் தானாகவே வரம்பைப் பார்த்து மதிக்கிறது. யாரோ எழுதிவைத்த ஸ்கிரிப்ட் மதிக்குமா? மூன்றாவது, கண்டெய்னர்களுக்கென்று (ஒரே கர்னலில் தனித்தனியாக ஓடும் சூழல்கள்) தனி கோர் பேட்டர்ன் கிடையாது, அவை ஓடும் ஹோஸ்டுடையதே எல்லாவற்றுக்கும்.

இவற்றைவிட எனக்கு உறுத்துவது வேறு. ஒரே சேவை எப்படி 31 முறை எழுந்தது? சிஸ்டம்டியில் மறுதொடக்கத்துக்கு இயல்பான தடை 10 நொடிகளில் 5 முறை. உங்கள் 6 ஜிபி கோர் எழுத எவ்வளவு நேரம் ஆகிறது?

ஆந்தை:
ஏறத்தாழ 30 நொடி.

பழையமரம்:
அப்படியானால் 10 நொடிக்குள் 5 என்ற கணக்கு ஒருநாளும் எட்டாது. கோர் எழுதும் தாமதமே அந்தத் தடையைச் செயலற்றதாக்கிவிட்டது. இடைவெளியை 1 மணி நேரமாக நீட்டி 5 முறை என்று வைத்திருந்தால், 5 கோர்களோடு, 30 ஜிபியோடு சேவை நின்றிருக்கும், நீங்களும் தூங்கியிருப்பீர்கள். ஒரே காரணத்தால் விழும் பிராசஸின் முதல் கோர்தான் தகவல். மற்ற 30 அதன் நகல்கள்.

ஆந்தை:
இந்தக் கோணத்தில் நான் பார்க்கவே இல்லை. இப்போதே இரண்டு சர்வர்களில் அமைப்பைச் சரிபார்த்தேன். நீங்கள் சொன்னபடியே இருக்கிறது.

முடிவை மாற்றிக்கொள்கிறேன். மறுதொடக்க இடைவெளி நீட்டப்படும். கோர்களுக்குத் தனி பார்ட்டிஷன், ரூட் மட்டுமே படிக்கும் அனுமதி. சிஸ்டம்டியின் சேகரிப்பானில் மொத்த அளவுக்கு உச்சவரம்பு. 40 ஜிபி பிராசஸுக்கு ஃபில்டர். ஆனால் பணப் பரிவர்த்தனைச் சாவிகள் இருக்கும் சர்வர்களில் 0தான். அதில் பூட்டுச்சாவியின் பக்கம் நிற்கிறேன்.

கடைசிவரி:
அந்த சர்வர்களில் விழும்போதுதான் காரணம் உடனே தெரிய வேண்டும்! கோர் வேண்டாம் என்றால் ஏற்கிறேன். ஸ்டாக்கையாவது விட்டுவையுங்கள். வரம்பை 0 ஆக்காமல், சேகரிப்பானில் சேமிப்பை மட்டும் அணைத்தால் ஸ்டாக் ஜர்னலில் (சிஸ்டம்டியின் லாக்) பதிவாகும், கோர் தங்காது.

பூட்டுச்சாவி:
ஸ்டாக்கில் ஃபங்ஷன்களின் பெயர்கள் மட்டுமா, அவற்றுக்குக் கொடுத்த மதிப்புகளுமா?

கடைசிவரி:
பெயர்களும் முகவரிகளும் மட்டும்.

பூட்டுச்சாவி:
அலசி முடிக்கும்வரை கோப்பு டிஸ்க்கில் இருக்கும் அல்லவா? அந்தக் கோப்புறை மறைகுறியாக்கிய பார்ட்டிஷனில் இருந்தால் ஒப்புக்கொள்கிறேன். இல்லையென்றால் 0.

ஆந்தை:
அந்த சர்வர்களில் அப்படி ஒரு பார்ட்டிஷன் இப்போது இல்லை. அமைக்க இன்னும் ஒரு வாரம் வேண்டும். அதுவரை அங்கே 0. மற்றவற்றில் வெள்ளிக்கிழமை மாற்றம். கடைசிவரி, நேற்றைய 31 கோப்புகளில் முதலாவதை மட்டும் வைத்திருக்கிறேன், மற்றவற்றை அழித்துவிட்டேன். பில்ட் எண்ணை அனுப்பியிருக்கிறேன். சிம்பல்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

கடைசிவரி:
இருக்கின்றன. திறந்துகொண்டிருக்கிறேன்.