மறு: கிரான்பெர்ரிக்குக் குருதிநெல்லி பொருந்துமா?

> குருதிநெல்லி ஏற்கெனவே புழங்குகிறதே, அதையே வைத்துக்கொள்ளலாம்.

வணக்கம் ஐயா.

கிரான்பெர்ரி சிவப்புப் பழம், அதனால் தமிழ்ப்பெயரில் நிறத்துக்குக் குருதி சரி. நெல்லிதான் உறுத்துகிறது. புளூபெர்ரியை அவுரிநெல்லி என்கிறோம். இரண்டும் ஒரே பேரினம், வரிசை அழகாக அமைகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நெல்லி என்று சொன்னால் நம் ஆட்கள் நெல்லிக்காயின் குணத்தையும் சேர்த்தே ஏற்றிவிடுவார்கள். நெல்லியின் பெருமை வைட்டமின் சி. கிரான்பெர்ரியில் அது 100 கிராமுக்குச் சுமார் 14 மில்லிகிராம்தான். இதன் சரக்கே வேறு: ஏ-வகைப் புரோஆந்தோசயனிடின் என்ற தாவர வேதிப்பொருள். சிறுநீர்ப்பையின் சுவரில் ஈ.கோலை பாக்டீரியா ஒட்டாமல் தடுப்பது இதுதான் என்கிறார்கள். சிறுநீர்த்தொற்று அடிக்கடி வரும் பெண்களுக்கு அது திரும்ப வருவதைக் கிரான்பெர்ரி குறைக்கிறது என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023இல் வெளியிட்ட ஆய்வுத்தொகுப்பு சொல்கிறது. வந்துவிட்ட தொற்றுக்கு இது மருந்தல்ல. நெல்லிச்சாறு குடித்தாலும் இந்தப் பலன் கிடைக்கும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது, அவ்வளவுதான் என் கவலை.

ஆங்கிலப் பெயரில் இருப்பது கிரேன், அதாவது கொக்கு. வளைந்த காம்பும் பூவும் கொக்கின் கழுத்தும் தலையும் போலிருப்பதால் வந்ததாம். கொக்குப்பழம் என்று வைத்தால் திருப்புகழ் படித்தவர் மாம்பழத்தைத் தேடுவார்! கொக்குக்கு மாமரம் என்றும் பொருள் உண்டே. கொக்கைக் குருகு என்றும் சொல்வோம், குருகுப்பழம் என்றால் அந்தக் குழப்பம் இல்லை. ஆனால் பெயருக்குள் அந்தப் பறவை வந்ததே அமெரிக்காவில் குடியேறிய ஐரோப்பியர்களோடுதான். அங்கிருந்த பழங்குடிகளான நாரகான்செட் மக்கள் இதைச் சசமினியாஷ் என்றார்கள். அந்தச் சொல்லை 1643இல் பதிவுசெய்த ஆங்கிலேயக் குடியேறி ரோஜர் வில்லியம்ஸ், புளிப்பும் குளிர்ச்சியும் உள்ள பழம், குளிர்காலம் முழுக்க நன்னீரில் கிடைப்பது, காய்ச்சலுக்கு நல்லது என்று எழுதினார்.

அந்த நீரைப் பெயரில் கொண்டுவரலாமே? அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் கேப் காட் என்ற தீபகற்பத்தில் டென்னிஸ் ஊர்க்காரர் ஹென்றி ஹால், மணல் வந்து மூடிய இடத்தில் கொடி செழிப்பதைப் பார்த்து 1816 வாக்கில் சாகுபடியைத் தொடங்கியதும் சதுப்பு நிலத்தில்தான். இன்றும் அறுவடைக்குப் பாத்தியில் நீர் நிரப்புகிறார்கள். பழத்துக்குள் நான்கு காற்றறைகள் இருப்பதால் தானே மிதக்கும், அப்படியே ஒதுக்கி அள்ளிவிடலாம். எனவே என் பரிந்துரை: சதுப்புப்பழம்.

---

> எனவே என் பரிந்துரை: சதுப்புப்பழம்.

நெல்லி பற்றிச் சொன்னதை ஏற்கிறேன் தம்பி. ஆனால் சதுப்பு என்றால் எனக்குப் பிச்சாவரம்தான் கண்ணில் வருகிறது, சுரபுன்னையின் காய் என்று நினைத்துவிடுவேன். பறவை குடியேறியாகவே இருக்கட்டும், பூவைப் பார்த்தால் பெயர் விளங்குகிறதல்லவா? என் வாக்கு குருகுப்பழத்துக்கு. சொற்பட்டியலில் குருதிநெல்லியையும் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள், தேடி வருகிறவர் திரும்பிப் போகவேண்டாம்.