மறு: ‘டை லாட்’ தமிழில் எப்படி? ‘சாயத் தொகுதி’யா, ‘ஈடு’ போதுமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

‘டை லாட்’ என்பதற்குத் தமிழ்ச் சொல் கேட்டு இந்த இழையைத் தொடங்கியது நான்தான். அதனால் வந்திருக்கும் மறுமொழிகளுக்குச் சேர்த்தே எழுதுகிறேன். பின்னல் பழக்கம் இல்லாதவர்களும் இங்கே இருக்கிறார்கள். அவர்களுக்காக, சொல்லுக்குப் போகுமுன் பொருள் என்ன என்று சொல்லிவிடுகிறேன்.

உல்லன் நூல்கண்டைச் சுற்றியிருக்கும் காகிதத்தில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று ஷேட் எண், நிறத்துக்கு உரியது. கடையில் நாம் கேட்டு வாங்குவது அதைத்தான். பக்கத்திலேயே லாட் எண் என்று இன்னொன்று, ‘டை லாட்’ என்பது இதுதான். எந்தத் தடவை சாயம் போட்டபோது இந்த நூல் தொட்டிக்குள் கிடந்தது என்பதைச் சொல்லும் எண் அது. ஷேட் ஒன்றாக இருந்து லாட் மாறினால் நிறமும் இம்மியளவு மாறும். கண்டாகக் கையில் வைத்துப் பார்த்தால் தெரியவே தெரியாது.

எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், போன மார்கழியில் வீட்டுக்காரருக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னினேன். ஏற்காட்டுக் குளிர் உங்களுக்குத் தெரியும், 1500 மீட்டர் உயரம். பாசிப்பச்சை, 100 கிராம் கண்டு ஐந்து. முன், பின், இடக்கை எல்லாம் முடிந்து, வலக்கையில் முழங்கை தாண்டியதும் நூல் தீர்ந்துவிட்டது. 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலத்துக்குப் போய், அதே கடையில் அதே ஷேட் எண்ணைச் சொல்லி ஒரு கண்டு வாங்கினேன். டியூப்லைட் வெளிச்சத்தில் பழைய நூலோடு சேர்த்துப் பார்த்தேன், ஒன்றாகத்தான் இருந்தது. இரண்டு இரவில் கையை முடித்துவிட்டேன். மூன்றாம் நாள் அவர் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார். வெயில் பட்டதும் முழங்கைக்குக் கீழே கத்தியால் கீறினது மாதிரி ஒரு கோடு. மேலே பாசிப்பச்சை, கீழே லேசாக மஞ்சள் தட்டின பச்சை. பனி மூடினால் கோடு மறைந்துவிடும், வெயில் வந்தால் திரும்ப வந்துவிடும். 62 வரிசையைப் பிரித்தேன்.

கடைக்காரர் மேல் எனக்கு வருத்தம் உண்டு, எண் மாறியிருக்கிறது என்று அவரும் சொல்லவில்லை. ஆனால் அவரிடம் என்ன கேட்டிருக்க வேண்டும் என்பதற்கு என்னிடமும் ஒரு சொல் இல்லை. அதனால்தான் இந்தக் கேள்வியையே இங்கே கொண்டுவந்தேன்.

> ‘சாயத் தொகுதி’ என்று வைத்துவிடலாமே, அம்மா. பிற துறைகளில் ‘தொகுதி எண்’ என்று எழுதிப் பழகிவிட்டோம். புதிதாக ஒன்று எதற்கு?

ஐயா, தொகுதி என்றால் பலதும் சேர்ந்தது. அலமாரியின் நாலு மூலையிலிருந்து பத்துக் கண்டு எடுத்து ஒரு பையில் போட்டால் அதுவும் தொகுதிதான். நமக்கு வேண்டிய பொருள் அதைவிடக் குறுகலானது. ஒரே பாத்திரம், ஒரே தண்ணீர், ஒரே சூடு, ஒரே நேரம். இந்த நான்கும் சேர்ந்த பொருளுக்கு நம் வீட்டிலேயே சொல் இருக்கிறது. இட்லிச் சட்டியில் ஒரு தடவை வெந்து இறங்குவது ஒரு ஈடு. ‘இன்னும் ரெண்டு ஈடு ஊத்தணும்’ என்று தினமும் சொல்கிறோம். மாவு ஒன்றுதான். ஆனால் முதல் ஈடும் மூன்றாம் ஈடும் ஒரே மாதிரி இருப்பதில்லை. அதற்குள் அடுப்பு சூடேறியிருக்கும், தண்ணீர் வற்றியிருக்கும், மாவும் இன்னும் கொஞ்சம் பொங்கியிருக்கும்.

சாயத்திலும் இதேதான். நூலின் எடைக்கு இத்தனை சதவீதம் என்று சாயப்பொடியை எவ்வளவு சரியாக நிறுத்தாலும், தண்ணீர் மாறினால் நிறம் மாறும். ஒரு தடவை குழாயில் வரும் மேட்டூர்த் தண்ணீர், இன்னொரு தடவை போர்த் தண்ணீர் என்றால், போர்த் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சாயத்தைப் பிடித்துக்கொண்டு நிறத்தை மங்கடிக்கும். நாம் உல்லன் என்று வாங்குவதில் பெரும்பாலானது அக்ரிலிக் என்ற செயற்கை நூல். அது கிட்டத்தட்ட 80 டிகிரி சூடு வரைக்கும் சாயத்தை அவ்வளவாக எடுக்காது. அதைத் தாண்டியதும் சட்டென்று இழுத்துக்கொள்ளும். அந்த இடத்தில் சூட்டை ஏற்றும் வேகம் கொஞ்சம் மாறினாலும் ஈடு மாறிப்போகும். ஷேட் எண் என்பது மாவு, லாட் எண் என்பது ஈடு. இரண்டு எண் எதற்கு என்று கேட்கும் ஒரு அம்மாவுக்கு இதைவிடச் சுருக்கமாக என்னால் விளக்க முடியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படு – பாடு, கெடு – கேடு, சுடு – சூடு போல, இடு என்பது நீண்டு ஈடு ஆகியிருக்கிறது. முதனிலை திரிந்த தொழிற்பெயர், ஐயாவுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாயம் இடுவது என்கிறோம், ஒரு தடவை இட்டது ஒரு ஈடு. அடுப்படியிலிருந்து சாயப்பட்டறைக்குச் சொல்லை இழுத்துக்கொண்டு போக வேண்டிய அவசியமே இல்லை, இரண்டு இடத்துக்கும் வேர் ஒன்றுதான்.

> பொருள் பொருத்தம் சரி. ஆனால் சாயம் + ஈடு புணர்ந்தால் ‘சாயவீடு’ ஆகும். சாயம் போடும் வீடு என்றுதான் படிப்பார்கள். யோசியுங்கள், அம்மா.

இதைப் படித்துவிட்டு அரை நாள் ஊசியையே தொடவில்லை. நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. பிரித்துச் ‘சாய ஈடு’ என்று எழுதலாம், ஆனால் பேசும்போது நாக்கு வகரத்தைச் சேர்க்காமல் விடாது. ‘தோய்ப்பீடு’ என்று ஒன்று யோசித்தேன். மதிப்பீடு, குறியீடு மாதிரி நன்றாகவே ஒலிக்கிறது. ஆனால் அந்த வரிசையில் வருவதெல்லாம் செயலின் பெயர். மதிப்பிடுவது மதிப்பீடு என்பதால், தோய்ப்பீடு என்றால் தோய்க்கும் வேலை என்று ஆகிவிடும்.

கடைசியில் முன்னொட்டே வேண்டாம் என்று தோன்றியது. இட்லிக்காரர் ‘இட்லி ஈடு’ என்று சொல்வதில்லை, ஈடு என்றாலே போதும். நூலுக்கும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். கண்டின் காகிதத்தில் ‘நிற எண்’, ‘ஈட்டு எண்’. கடையில் கேட்கும்போது ‘ஒரே ஈட்டு நூலா கொடுங்க’. பெட்டியில் தனித்து நிற்பது ‘ஈடு மாறின கண்டு’. வீடு வீட்டு ஆவது போல ஈடு ஈட்டு ஆகிறது, இலக்கணத்துக்கும் குறை இல்லை. நஷ்ட ஈடு, அடமான ஈடு என்ற பொருள்கள் குறுக்கே வரும் என்று இன்னொரு நண்பர் எழுதியிருந்தார். நூல்கண்டைக் கையில் வைத்திருப்பவருக்கு அந்த ஐயம் வராது என்று நம்புகிறேன்.

> சேலத்து நூல் வியாபாரத்தில் ‘லாட்’ என்றே சொல்கிறார்களே?

சொல்கிறார்கள். ஆனால் மொத்தமாக வாங்கின சரக்கும் லாட், மிச்சம் மீதியைத் தள்ளிவிடுவதும் லாட். அம்மாப்பேட்டையில் என் பெரியம்மா வீட்டில் தறி இருந்தது. தார் (ஊடை நூல் சுற்றின குச்சி) மாற்றினதும் ஊடையில், அதாவது குறுக்கு நூலில், நிறம் மாறித் தெரிந்தால் ‘பட்டை விழுந்துருச்சு’ என்பார். விளைவுக்கு அங்கே சொல் இருக்கிறது. காரணத்துக்கு ‘அது வேற தடவை போட்ட சாயம்’ என்று ஒரு வாக்கியமே சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் ‘பட்டை’யையும் நம் சொற்பட்டியலில் சேர்த்துவிடலாம் என்பது என் விருப்பம்.

சொல் வாக்கியத்தில் நிற்கிறதா என்று பார்க்க, என் மாணவிகளுக்குச் சொல்லும் பாடத்தை அதை வைத்தே எழுதிப் பார்த்தேன்:

“நூல் வாங்கும்போதே ஈட்டு எண்ணைப் பார். ஒரு கண்டு கூடுதலாக வாங்கு. காகிதத்தைத் தூக்கிப் போடாதே, நூல் துண்டோடு சேர்த்து நோட்டில் ஒட்டி வை. ஈடு மாறின கண்டுதான் கிடைத்தது என்றால், பழையது தீரும்வரை காத்திருக்காதே. இரண்டு வரிசை பழைய நூல், இரண்டு வரிசை புது நூல் என்று மாற்றி மாற்றிப் பின்னு. இரண்டிரண்டாகப் போனால்தான் நூல் திரும்பவும் அதே ஓரத்துக்கு வந்து நிற்கும், அறுக்க வேண்டாம். அப்படிப் பின்னினால் பட்டை விழாது, நிறம் கலந்துவிடும். இல்லையென்றால் மாறின ஈட்டைக் கழுத்துக்கும் கைமுனைக்கும் ஒதுக்கு. அங்கே பின்னலே வேறு மாதிரி இருப்பதால் நிற மாற்றம் கண்ணில் படாது. ஒப்பிடும்போது பகல் வெளிச்சத்தில் ஒப்பிடு.”

எனக்குத் தடுக்கவில்லை. உங்களுக்கு எங்காவது தடுக்கினால் அந்த வரியைக் குறித்து எழுதுங்கள்.

கண்ணி நழுவுவது, நூல் புரி பிரிவது, தேய்ந்த இடத்தில் உருண்டை உருண்டையாக எழும்புவது என்று சிலர் கேட்டவற்றுக்குத் தனி இழை தொடங்கினால் நல்லது. கண்ணி, புரி இரண்டும் தயாராகவே இருக்கின்றன. உருண்டைக்குத்தான் ஒரு சொல் வேண்டும்.

ஐயாவின் ஒப்புதல் வந்தால் ‘ஈடு’, ‘ஈட்டு எண்’ இரண்டையும் பட்டியலில் ஏற்றிவிடலாம். நேற்று கீழிருந்து வந்த பெட்டியில் பதினோரு கண்டு. பிரித்து அடுக்கினேன், ஒன்பது ஒரே ஈடு, இரண்டு வேறு. அந்த இரண்டையும் குல்லாவுக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஏற்காட்டிலிருந்து