புகையிலை பைப் புதிதாகப் பிடிப்பவருக்கு ஃபில்டர் வேண்டுமா? பார்த்ததைச் சொல்லுங்கள்

தண்டையார்பேட்டைக்காரன்:
எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிறு சாயங்காலம் ஆனால் ஒரே சண்டை. மச்சான் ஜெர்மனியிலிருந்து தண்டுக்குள் 9 மி.மீ. ஃபில்டர் போடுகிற பைப் வாங்கி வந்திருக்கிறார், ஃபில்டர் இல்லாமல் ஒரு இழுப்புகூட இழுக்க மாட்டேன் என்கிறார். எதிர்வீட்டுப் பெரியவரோ ரொம்ப காலமாக பைப் பிடிக்கிறவர், ஃபில்டர் போட்டால் புகையிலையின் ருசியே தெரியாது, முதல் நாளிலிருந்தே அது இல்லாமல் பழகு என்கிறார். இரண்டு பேருமே அடித்துச் சொல்கிறார்கள். நான் இப்போது சிகரெட்தான், பைப்புக்கு மாறலாமா என்று பார்க்கிறேன். பொதுவாக அறிவுரை வேண்டாம், நீங்கள் கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள் அண்ணே.

பெரம்பூர் லோகோ:
தம்பி, எங்கள் தெருவில் ஒரு ஆங்கிலோ இந்திய டிரைவர் இருந்தார், ஸ்டீம் எஞ்சின் காலத்து ஆள். பிரையர் மரத்தில் செய்த நேரான பைப், ஃபில்டர் கிடையாது. ஒரு தடவை நிரப்பினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் பைப் அணைந்துவிட்டதோ என்று தோன்றும், அவ்வளவு மெதுவாக இழுப்பார், நடுவில் ஒரு பஞ்சுக்கம்பியை தண்டுக்குள் விட்டு ஈரத்தைத் துடைத்துவிட்டு மறுபடி வாயில் வைப்பார். நாக்கு எரியாதா என்று கேட்டதற்கு அவர் சொன்ன விளக்கம் பாய்லர் வேலை தெரிந்தவனுக்கு உடனே புரியும். பாய்லரிலிருந்து தண்ணீர் கலந்து வருகிற ஈர ஆவியும் நன்றாகச் சூடேறிய உலர்ந்த ஆவியும் ஒன்றில்லை, பைப்பிலும் அதே கதைதான், புகையிலையில் இருக்கிற ஈரம் நெருப்புப் பட்டு ஆவியாகி நேராக நாக்கில் வந்து விழுகிறது, வேகமாக இழுக்க இழுக்க நெருப்பு அதிகமாகி ஆவியும் அதிகமாகிறது, வாய் வெந்து போவது நிக்கோட்டினைவிட அந்த ஆவியால்தான் என்றார்.

அதனால் நான் பெரியவர் பக்கம். ஃபில்டர் தண்ணீரைக் கொஞ்சம் குடிக்கும், உன் அவசரத்தைக் குறைக்காது. சிகரெட்டிலிருந்து வருகிறவன் எல்லாரும் சிகரெட் வேகத்தில்தான் இழுக்கிறார்கள்.

காசிமேடு கடலோடி:
லோகோ அண்ணே சொன்னதில் பாதி ஒத்துக்கொள்கிறேன். நான் சரக்குக் கப்பலில் இருந்தபோது ஹாம்பர்க்கில் ஒரு பைப் கடைக்குப் போனேன். அங்கே 9 மி.மீ. ஃபில்டர்தான் சாதாரணம், ஃபில்டர் இல்லாத பைப் கேட்டால் தனியாகத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. கடைக்காரர் ஒரு ஃபில்டரைப் பிளந்து காட்டினார். உள்ளே கறுப்பாகப் பொடிக்கரி, ஒரு முனையில் பீங்கான் மூடி, மறுமுனையில் பிளாஸ்டிக் மூடி. பீங்கான் பக்கம் நெருப்பு இருக்கிற கிண்ணத்தைப் பார்த்து இருக்க வேண்டும், பிளாஸ்டிக் பக்கம் வாயைப் பார்த்து. இதை மாற்றிப் போட்டுவிட்டு ஃபில்டர் சரியில்லை என்று சொல்லும் ஆட்களை நம்ம ஊரிலேயே பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, தண்டையார்பேட்டை தம்பிக்கு இதுதான் முக்கியம். உன் மச்சானின் 9 மி.மீ. பைப்பில் பெரியவர் சொல்கிறாரே என்று ஃபில்டரை உருவிவிட்டு அப்படியே பிடிக்காதே. ஃபில்டர் இருந்த இடம் ஒரு காலி அறையாக நிற்கும், சூடான புகை அந்த அகலமான இடத்தில் வந்து குளிர்ந்து தண்ணீராகித் தேங்கும், கொளகொளவென்று சத்தம் வரும், கடைசியில் கசப்புத் தண்ணீர் வாய்க்கு வரும். அந்த இடத்தை அடைக்க அடாப்டர் என்று ஒரு சின்னக் குழாய் பல பைப்புகளோடு கொடுப்பார்கள், பெட்டியில் தேடிப் பார். அது போட்டால் ஃபில்டர் இல்லாத பைப் மாதிரியே ஆகிவிடும். ஒரே பைப்பில் இரண்டையும் சோதித்துப் பார்க்கலாம், சண்டையே வேண்டாம்.

எங்கள் பக்கம் கடல் காற்று. ஐப்பசி கார்த்திகையில் துணியே காய்வதில்லை, புகையிலை எங்கே காயும்? அதிலும் வாசனை சேர்த்த புகையிலைகளில் ஈரம் போகாமல் இருக்க புரோப்பிலீன் கிளைகால் சேர்க்கிறார்கள், ஃபேன் காற்றில் பரப்பி வைத்தாலும் பிசுபிசுப்பு முழுசாகப் போகாது. ஒரு சிட்டிகை எடுத்து விரல்களால் அழுத்திப் பார், உருண்டையாக ஒட்டிக்கொண்டே இருந்தால் இன்னும் ஈரம், விட்டவுடன் மெதுவாக உதிர்ந்து விரிந்தால் சரி. இந்த மாதிரிப் புகையிலையோடு இந்த ஊரில் தொடங்குகிறவனுக்கு ஃபில்டர் உண்மையிலேயே உதவும். ஆரம்பத்திலேயே நாக்கு வெந்தவன் என்ன கற்றுக்கொள்வான்?

வியாசை வாசகன்:
நான் சோளக்கட்டை பைப். அமெரிக்காவில் மிசூரி மீர்ஷாம் என்று 1869-லிருந்து செய்கிறார்களே அது. இதில் 6 மி.மீ. காகித ஃபில்டர், உருவிவிட்டுப் பிடித்தாலும் பெரிய தொல்லை இல்லை, இடம் சின்னது. ருசி வித்தியாசம் கேட்டால், வெர்ஜீனியா என்கிற இனிப்பு வகைப் புகையிலையில் நன்றாகவே தெரிகிறது, கரி ஃபில்டர் போட்டால் அந்த இனிப்பு மங்கிவிடுகிறது. இத்தாலியின் சாவினெல்லி கம்பெனி பால்சா என்கிற லேசான மரத்தில் ஒரு ஃபில்டர் செய்கிறது, அது ஈரத்தை எடுக்கும், ருசியை அவ்வளவாகத் தொடாது. அப்புறம் ஃபில்டரே இல்லாமல் ஈரத்தைப் பிடிக்கவும் வழி இருக்கிறது, டப்ளினில் பீட்டர்சன் கம்பெனி 1890-லேயே தண்டுக்கு அடியில் தண்ணீர் தேங்க ஒரு குழி வைத்து காப்புரிமை வாங்கியது. ஆக ஈரம்தான் பிரச்சினை என்று அந்தக் காலத்திலேயே தெரிந்திருக்கிறது.

பஞ்சுக்கம்பி வாங்கும்போது பார்த்து வாங்குங்கள். கைவினைக் கடையில் கலர் கலராக விற்பது பெரும்பாலும் பாலியஸ்டர், ஈரத்தை உறிஞ்சாது.

ராயபுரம் பல் கிளினிக்:
ஃபில்டர் போட்டால் ஆபத்து குறையும் என்று யாரும் இங்கே வெளிப்படையாக எழுதவில்லை, ஆனால் வருகிற ஆட்கள் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். புகையை உள்ளே இழுப்பதில்லை, வாயோடு விட்டுவிடுகிறேன், அதோடு ஃபில்டர் வேறு இருக்கிறது என்பார்கள். பைப் புகை காரத்தன்மை உள்ளது, அதனால் நிக்கோட்டின் நுரையீரலுக்குப் போகாமலே வாயின் உட்தோல் வழியாக ரத்தத்தில் சேரும். பழக்கம் அப்படியே பிடித்துக்கொள்ளும். வாய், தொண்டைப் புற்றுநோய்க்கு பைப் புகையும் காரணம். கரி ஃபில்டர் ஈரத்தையும் புகையிலுள்ள தாரைக் கொஞ்சமும் பிடிக்கலாம், புற்றுநோயைப் பிடிக்காது. கன்னத்தின் உள்ளே வெள்ளைத் திட்டோடு வந்தவர்களை இந்த நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறேன், அதில் சிலரை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியும் வந்தது. தண்டையார்பேட்டை தம்பி, சிகரெட்டை விடத்தான் பைப்புக்கு மாறுகிறாய் என்றால் தயவுசெய்து மாறாதே, நேராக விடு. அதற்கு உதவி கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை, ஸ்டான்லி அரசு மருத்துவமனை நம் பக்கத்திலேயே இருக்கிறது. ஏற்கெனவே பிடிக்கிறவர்கள் நாக்குக்கு அடியிலும் கன்னத்திலும் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் இருந்தால் வந்து காட்டுங்கள்.

தண்டையார்பேட்டைக்காரன்:
அக்கா, சிகரெட்டை விடத்தான் நினைத்தேன், மறைக்கவில்லை. நீங்கள் சொன்னதை வீட்டில் படித்துக் காட்டினேன், அம்மா இரண்டு தடவை படிக்கச் சொன்னார். இப்போதைக்கு நான் பைப்பைத் தொடவில்லை. மச்சான் விட மாட்டார், அவருக்காக ஒரு கேள்வி: ஒரு ஃபில்டரை எத்தனை தடவை வைத்துப் பிடிக்கலாம்?

காசிமேடு கடலோடி:
ஒரு தடவை பிடித்ததும் மாற்றுவது நல்லது தம்பி. சிக்கனம் பார்த்து ஈர ஃபில்டரை அப்படியே உள்ளே விட்டு வைத்தால் அடுத்த நாள் நாறும், இழுப்பும் அடைக்கும், அடைத்தால் இன்னும் பலமாக இழுப்பார், லோகோ அண்ணே சொன்ன சூடு அங்கேதான் வரும். பிடித்து முடித்து பைப் நன்றாக ஆறிய பிறகு தண்டைக் கழற்றச் சொல்லு, சூட்டோடு கழற்றினால் பொருத்து தளர்ந்துபோகும். ஃபில்டரை எடுத்துப் போட்டுவிட்டு, பஞ்சுக்கம்பியால் துடைத்து, அந்த பைப்புக்கு ஒரு நாள் முழுக்க ஓய்வு. அடாப்டர் பெட்டியில் இல்லை என்றால் எழுது, என்னிடம் கூடுதலாக ஒன்று இருக்கிறது, கல்மண்டபம் பக்கம் வரும்போது தருகிறேன். பல் டாக்டர் அக்கா சொன்னதை மச்சானுக்கும் படித்துக் காட்டு.