வயசை மாத்திக் கேட்டு வந்தவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

ஜெராக்ஸ் கடை அண்ணன்:
கல்லூரிச் சாலையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். டிசம்பர் கடைசியில் ஒரு பையன் வந்தான். மீசை இப்போதுதான் அரும்புகிறது. ஆதார் பிடிஎஃபை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, "அண்ணா, இந்த 2008-ஐ மட்டும் 2003 ஆக்கி, கார்டா அடிச்சுக் கொடுங்க. இருநூறு தர்றேன்" என்றான். நியூ இயர் பார்ட்டியாம். தமிழ்நாட்டில் 21 ஆகாதவனுக்கு மது விற்கக் கூடாது என்பதெல்லாம் அவனுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

அவன் கண் முன்னாலேயே எம்-ஆதார் செயலியில் கியூஆரை ஸ்கேன் செய்தேன். பெயர், படம், 2008 எல்லாம் வந்து நின்றது. "மேலே இருக்கிற எழுத்தை மாத்தலாம் தம்பி, இந்தக் கட்டத்துக்குள்ள கை வச்சா செயலி ஏத்துக்காது" என்றேன். "பார்ல யாருண்ணா இதை ஸ்கேன் பண்றாங்க?" என்றான். அதுவும் சரிதான். ஆனால் மாட்டினால் போலீஸ் முதலில் கேட்பது "எங்கே அடிச்சே?" என்றுதானே. பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் இப்படித்தான் கம்ப்யூட்டர், பிரிண்டரோடு ஸ்டேஷனுக்குப் போனார். அடிச்சுக் கொடுக்காமலே அவனை அனுப்பிவிட்டேன். முறைத்துக்கொண்டே போனான்.

அண்ணன்காரன்:
எங்கள் வீட்டுக் கதை வேறு மாதிரி. தம்பிக்கு 16, எனக்கு 19. அச்சு அசல் ஒரே ஜாடை. என் லைசென்ஸை எடுத்துக்கொண்டு அப்பா வண்டியில் கிளம்பிவிட்டான். சோதனையில் நிறுத்திய எஸ்.ஐ. பிறந்த தேதி கேட்டார், கடகடவென்று ஒப்பித்திருக்கிறான். 2005. அவர் விடவில்லை. "பத்தாவது எப்ப முடிச்சே?" "2020 சார்." "பரீட்சை எப்படி?" "கணக்குதான் சார் ரொம்பக் கஷ்டம்." அவர் சிரித்துவிட்டாராம். கொரோனாவால் அந்த வருடம் பத்தாம் வகுப்புப் பரீட்சையே நடக்கவில்லை, எல்லோரும் பாஸ்!

அப்புறம் நடந்தது சிரிக்கும்படி இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவில் வழக்கு வண்டிக்காரர் மேல்தான். அப்பாவுக்கு 25,000 ரூபாய் அபராதம், கோர்ட் கலையும் வரை அங்கேயே உட்கார வேண்டும் என்று தண்டனை. 3 ஆண்டு வரை சிறையே கொடுத்திருக்கலாம். வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்து. தம்பிக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. லைசென்ஸைத் தெரிந்தே கொடுத்தாயா என்று என்னை மூன்று தடவை கேட்டார்கள். அப்பா அன்று மத்தியானம் கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இப்பவும் தம்பியை அடிக்கத் தோன்றுகிறது.

திருப்பூர் டைம் ஆபீஸ்:
கம்பெனியில் ஆள் சேர்த்து வருகைப்பதிவு பார்க்கிற எங்களிடம் வருவது பார்ட்டிக்கு இல்லை, சம்பளத்துக்கு. அக்கா ஆதாரோடு 13 வயதுப் பிள்ளை வேலை கேட்டு வந்தது. தேதி, ஊர் எல்லாம் சரியாகச் சொன்னது. கூட வந்த அம்மாவே வாய் தவறி வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார். சேர்த்திருந்தால் முதலாளிக்கு 20,000 முதல் 50,000 வரை அபராதம், 6 மாதத்திலிருந்து 2 ஆண்டு வரை சிறையும் உண்டு. இப்போதெல்லாம் பள்ளிக்கூட டி.சி. இல்லாமல் யாரையும் எடுப்பதில்லை. அந்த அம்மாவைக் கோபிக்க எனக்கு மனசு வரவில்லை.

வக்கீல் குமாஸ்தா:
கடைக்கார அண்ணன் செய்ததுதான் புத்திசாலித்தனம். ஏமாற்றுவதற்காகப் போலி ஆவணம் தயாரித்தால் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய ஐ.பி.சி.க்குப் பதில் வந்த தண்டனைச் சட்டம்) 336-ல் 7 ஆண்டு வரை, ஆள்மாறாட்ட மோசடிக்கு 319-ல் 5 ஆண்டு வரை சிறை. பையன் 18-க்குக் கீழே என்றால் சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போவான். கண்டித்து அனுப்பலாம், சமூக சேவை செய்யச் சொல்லலாம், பெற்றோரை அபராதம் கட்டச் சொல்லலாம். அடித்துக் கொடுத்த பெரியவருக்கு அந்த வழி இல்லை.

நான் பார்த்த ஒரு கேஸில் கார்டுப்படி பையனுக்கு 21. அவன் 17-தான் என்று காட்ட, அவன் அம்மா பள்ளிச் சான்றிதழைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றிக்கொண்டு மழையில் ஓடிவந்தார். வயதுக்கு முதலில் பார்ப்பது அதைத்தான். அடுத்தது பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை.

ஜெராக்ஸ் கடை அண்ணன்:
அந்தப் பையன் நேற்று மறுபடி வந்தான். பிளஸ் டூ ஹால் டிக்கெட், ரெண்டு காப்பி. பிறந்த தேதியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டே நீட்டினான்.