சக்சன் பைப்பில் சைக்கிள் டியூப்: ஆறு வருஷம் தாங்கியது, யார் வேண்டுமானாலும் வந்து பாருங்கள்

அணைக்கட்டு வேர்க்கடலை:
போன வாரம் இங்கே ஒருவர், "உடைந்த பைப்பில் டியூப் சுற்றுவது சோம்பேறி வேலை, ஒரு போகம்கூடத் தாங்காது, கடையில் கிளாம்ப் வாங்கிப் போட வக்கில்லாதவன் செய்வது" என்று எழுதிவிட்டுப் போனார். படித்ததிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. 2016 டிசம்பரில் வர்தா புயல் அன்று எங்கள் தென்னை மட்டை விழுந்து, கிணற்றில் இறங்கிப் பம்புக்குத் தண்ணீர் உறிஞ்சும் இரண்டரை அங்குல பிவிசி சக்சன் பைப்பில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். தை மாதம், வேர்க்கடலை பூ விடும் நேரம், கையில் காசு இல்லை. என் பையனின் பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் கத்தரித்து, விரிசலுக்கு நாலு விரல் முன்னால் ஆரம்பித்து, பாதிக்குப் பாதி ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி, டியூப் அகலம் பாதியாகச் சுருங்கும் அளவுக்கு இழுத்துச் சுற்றி, மேலே கட்டுக்கம்பியால் முறுக்கினேன். 2017 தையில் சுற்றியது 2023 வரை ஒரு சொட்டுக் காற்று இழுக்கவில்லை. ஆறு வருஷம். இது கண்டுபிடிப்பு இல்லையென்றால் வேறு எது கண்டுபிடிப்பு?

காட்பாடி ஃபிட்டர்:
அதை எழுதியது நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். இருபது வருஷமாகப் பம்புசெட் வேலை பார்க்கிறேன். வெயிலில் கிடக்கிற ரப்பர் இரண்டு கோடை பார்த்தாலே வெடித்துப் பாளம் பாளமாகிவிடும். வேலூர் வெயிலில் ஆறு வருஷமா?

அணைக்கட்டு வேர்க்கடலை:
மேலே ஈரச் சாக்கு கட்டியிருந்தேன். வெயில் படவே இல்லை. ஆறு வருஷம்.

போளூர் மல்லாட்டை:
அண்ணன் சொல்வது நடக்கக்கூடியதுதான். ஃபிட்டர் அண்ணே, அது சக்சன் பக்கம் என்பதைக் கவனித்தீர்களா? தண்ணீர் இருபதடி கீழே இருந்தால் பைப்புக்கு உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைவிடச் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 0.6 கிலோ குறைவாக இருக்கும். வெளிக்காற்றே டியூபை விரிசல்மேல் வைத்து அமுக்கும். இதையே பம்பு தண்ணீரை வெளியே தள்ளும் டெலிவரி பக்கம் சுற்றினால் கதை வேறு. பதினைந்து மீட்டர் மேலே தண்ணீர் ஏற்றினால் ஒன்றரைக் கிலோ அழுத்தம் உள்ளேயிருந்து வெளியே தள்ளும், டியூப் தவளை வயிறு மாதிரி உப்பும்.

காட்பாடி ஃபிட்டர்:
தம்பி, பாடம் எனக்கு வேண்டாம். சக்சன் பக்கம்தான் ஆபத்தே. டெலிவரியில் ஒழுகினால் கண்ணுக்குத் தெரியும். சக்சனில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் காற்று இழுத்துப் பம்பு தண்ணீரை விட்டுவிடும், ஆளுக்குத் தெரியாமல் மோட்டார் சும்மா சுற்றிக் கிடக்கும். இவர் எதை வைத்துக் காற்று இழுக்கவில்லை என்கிறார்?

அணைக்கட்டு வேர்க்கடலை:
ஊதுபத்தி. மோட்டார் ஓடும்போது கொளுத்தி ஜாயிண்ட் ஓரமாக மெதுவாகக் கொண்டுபோனேன். காற்று இழுத்தால் புகை உள்ளே வளையும். என் பைப்பில் புகை நேராக மேலே போனது. மாதம் ஒருமுறை பார்த்தேன். ஆறு வருஷம் பார்த்தேன்.

ஒடுகத்தூர் அக்கா:
ஆம்பளைகள் எல்லோரும் பைப்பையே கட்டிக்கொண்டு அழுகிறீர்கள். பைப் அடிமுனையில் தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கிற ஃபுட்வால்வு பிடிக்காமல் போனால் விடியற்காலை நாலு மணிக்குக் கரெண்ட் வந்ததும் குடம் குடமாகத் தண்ணீர் தூக்கிப் பம்பில் ஊற்றியது யார்? நாங்கள்தான். சாணியைக் கரைத்து ஊற்றினால் வால்வு சந்து அடைத்துப் பம்பு பிடித்துக்கொள்ளும் என்று என் மாமியார் கண்டுபிடித்தார். வால்வு வாசர் தேய்ந்தால் ஆம்பூரில் கிடைக்கிற தோல் துண்டை அதே அளவுக்கு வெட்டி, ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப் போட்டு மாட்டுவார். ஊறிய தோல் உப்பி இடைவெளியை அடைக்கும். கடை ரப்பர் வாசர் அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது.

ஆரணி நெல்லு:
அக்கா, சாணி ஊற்றுவது உங்கள் மாமியார் கண்டுபிடிப்பு இல்லை. எங்கள் ஊரில் என் தாத்தா காலத்திலிருந்தே செய்கிறார்கள்.

ஒடுகத்தூர் அக்கா:
உங்கள் தாத்தா ஊற்றினாரா, உங்கள் பாட்டி ஊற்றினாரா? அதை முதலில் கேட்டுவிட்டு வாருங்கள் தம்பி.

காட்பாடி ஃபிட்டர்:
விஷயத்துக்கு வாருங்கள். ஆறு வருஷம் என்கிறாரே, 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் போனதே, அப்போது அணைக்கட்டுப் பக்கம் கிணறெல்லாம் வாய்வரை நிறைந்து கிடந்தது. மோட்டார் போடவே அவசியமில்லை. போட்டாலும் தண்ணீர் மேலேயே நிற்பதால் சக்சனுக்கு வேலையே கிடையாது. அந்த மாதங்களைக் கழித்தால் ஆறு வருஷம் வருமா?

அணைக்கட்டு வேர்க்கடலை:
இதென்ன புதுக் கணக்கு? பைப் பைப்பாகத்தானே இருந்தது, டியூப் டியூபாகத்தானே இருந்தது! தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தும் அவிழவில்லை என்றால் எனக்கு அதிகமாகத்தான் மார்க் போட வேண்டும். இவருக்கு ஏன் இந்த வயிற்றெரிச்சல் என்று சொல்கிறேன் கேளுங்கள். எங்கள் ஊரில் இவரை மாதிரி ஒரு ஃபிட்டர் கட்டிக்கொடுத்த மோட்டார் கம்பிச்சுருள், அதாவது காயில், மூன்றே மாதத்தில் புகைந்தது. அன்றிலிருந்துதான் எல்லாவற்றையும் நானே செய்ய ஆரம்பித்தேன். நாம் நம் கையால் சரிசெய்துகொண்டால் இவர்களுக்குக் கூலி போய்விடும், அவ்வளவுதான்.

காட்பாடி ஃபிட்டர்:
காயில் ஏன் புகைந்தது என்றும் சொல்லுங்கள். மூன்று பேஸ் கரெண்டில் இரண்டு மட்டும் வரும்போது, வராத பேஸுக்கு ஈடாகக் கண்டென்சர் போட்டு மூன்று பேஸ் மோட்டாரை ஓட்டியிருப்பீர்கள். இரண்டு பேஸில் ஓட்டினால் கம்பி அளவுக்குமேல் ஆம்பியர் இழுத்துச் சூடேறி வார்னிஷ் கருகாமல் என்ன செய்யும்? அதையும் உங்கள் கண்டுபிடிப்புக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆரணி நெல்லு:
கண்டென்சரைக் குறை சொல்லாதீர்கள். பயிர் காயும்போது மூன்று பேஸ் வரும்வரை நாற்றங்காலைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாது. எத்தனை பேர் அதை வைத்து நடவு முடித்திருக்கிறோம்.

போளூர் மல்லாட்டை:
முடித்தீர்கள், அப்புறம் காயில் கட்ட எவ்வளவு கொடுத்தீர்கள்? அதை மட்டும் யாரும் எழுத மாட்டீர்கள். என் சித்தப்பா ஒரே கோடையில் இரண்டு தடவை கட்டினார்.

ஆரணி நெல்லு:
மல்லாட்டை தம்பி, போன ஆடிப்பட்டத்தில் வாங்கிப்போன பைப் ரெஞ்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எனக்குப் புத்தி சொல்லுங்கள்.

போளூர் மல்லாட்டை:
ரெஞ்சை உங்கள் தம்பியிடம் கொடுத்து எட்டு மாதம் ஆகிறது. வீட்டில் கேளுங்கள்.

அணைக்கட்டு வேர்க்கடலை:
ரெஞ்சு சண்டையை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்வதற்கு யாரும் பதில் சொல்லாமல் நழுவுகிறீர்கள். காட்டுப்பன்றிக்கு நான் கட்டிய தகரக் காற்றாடியைப் பார்த்தும் இப்படித்தான் சிரித்தார்கள். பழைய டேபிள் ஃபேன் இறக்கையைத் தென்னங்கழியில் ஏற்றி, பின்னால் எண்ணெய் டப்பா வைத்து, இறக்கை சுற்றும்போதெல்லாம் ஒரு போல்ட் டப்பாவை அடிக்கிற மாதிரி செய்தேன். மலையடிவாரக் கொல்லையில் ராத்திரி காற்று நிற்காது, சத்தமும் நிற்காது. கரெண்ட் கம்பி இழுத்து உயிரை வாங்குகிறவர்களைவிட இது எவ்வளவோ மேல். அதற்கும் இங்கே ஒருவரும் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை.

ஒடுகத்தூர் அக்கா:
பன்றி ஒரு வாரத்தில் சத்தத்துக்குப் பழகிவிடும். இடத்தை மாற்றி மாற்றி நட வேண்டும், அதைச் சொல்ல மறந்துவிட்டீர்கள். எங்கள் கொல்லையில் மாற்றாமல் விட்டு அரை ஏக்கர் கடலை போனது. செடியை மூக்கால் கிளறிப் போட்டுவிட்டு, பிஞ்சுகூட விடாமல் தின்றுவிட்டுப் போயிருந்தது. காலையில் போய்ப் பார்த்தால் உழுத நிலம் மாதிரி இருந்தது.

அணைக்கட்டு வேர்க்கடலை:
மறக்கவில்லை அக்கா, எழுத இடம் இல்லை. சரி, ஃபிட்டர் எங்கே? டியூபுக்குப் பதில்?

காட்பாடி ஃபிட்டர்:
பதில் அதேதான். கிணறு நிறைந்திருந்த மாதங்களைக் கழியுங்கள். நாலரை வருஷம் வரலாம். ஆறு வராது.

அணைக்கட்டு வேர்க்கடலை:
முதலில் ஒரு போகம் தாங்காது என்றீர்கள். இப்போது நாலரை வருஷத்துக்கு வந்துவிட்டீர்கள். இன்னும் இரண்டு நாள் பேசினால் ஆறுக்கு வந்துவிடுவீர்கள்.

காட்பாடி ஃபிட்டர்:
நான் வரவில்லை, கணக்குப் போட்டுக் காட்டினேன். இப்போதும் சொல்கிறேன், கிளாம்ப் போட்டிருந்தால் இந்தப் பேச்சே இல்லை. சுற்றிய அன்று எடுத்த போட்டோ இருக்கிறதா?

அணைக்கட்டு வேர்க்கடலை:
பைப் உடைந்து பயிர் காய்ந்துகொண்டிருக்கும்போது எவன் போட்டோ எடுப்பான்? அவிழ்த்த டியூப் மாட்டுக் கொட்டகையில் ஆணியில் தொங்குகிறது. கட்டுக்கம்பி பதிந்த தழும்பு இன்னும் அதில் இருக்கிறது. வந்து இழுத்துப் பாருங்கள், அறுகிறதா என்று.

காட்பாடி ஃபிட்டர்:
தழும்பில் தேதி எழுதியிருக்குமா?

ஆரணி நெல்லு:
தம்பியிடம் கேட்டுவிட்டேன். ரெஞ்சு வரவில்லை என்கிறான்.