விளக்கடியில் பூக்காத மூன்று வரிசை

பூச்சாகுபடி தொடங்கிய புதிதில் நடந்த சொதப்பல்களை இங்கே எல்லோரும் எழுதுகிறீர்கள். என் பங்குக்கு நானும் எழுதுகிறேன். எனக்கு நினைவுக்கு வருவது ஒரு தண்ணீர் டிரம். அதற்குக் கொஞ்சம் பிறகு வருகிறேன்.

என்னுடையது கால் ஏக்கர்தான். நானும் மனைவியும் பார்த்துக்கொள்கிறோம், பறிப்புக்கு மட்டும் ஒரு அக்கா வருவார். செண்டுமல்லி, ஜினியா, கோழிக்கொண்டை, வாடாமல்லி, செவ்வந்தி என்று பருவத்துக்குத் தகுந்தாற்போல் மாற்றி மாற்றிப் போடுகிறோம். ஐந்து வருடமாகிறது. ஆரம்பத்தில் எது தப்பினாலும் உரம் போதவில்லை, தண்ணீர் போதவில்லை என்றுதான் நினைப்பேன். இப்போது பழைய நோட்டைப் புரட்டினால், தப்பியதெல்லாம் பெரும்பாலும் நேரம் தவறியதால்தான்.

முதல் தவறு விதைப்பிலேயே. கையிலிருந்த செண்டுமல்லி விதை முழுவதையும் ஒரே நாளில் நாற்று விட்டேன். நாற்று நட்டு இரண்டு மாதம் போல ஆனதும் வயலே மஞ்சளாக இருந்தது. வந்தவர்கள் எல்லாம் படம் எடுத்தார்கள். மூன்று வாரம் பறித்து மாளவில்லை. அப்புறம் எண்ணிப் பார்க்கிற அளவுக்குத்தான் பூ. வாடிக்கையாகக் கேட்டவர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். இப்போது அதே விதையை நான்காகப் பிரித்து, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை விடுகிறேன். பூ எப்போது வேண்டும் என்று முதலில் எழுதிக்கொண்டு, அதிலிருந்து பின்னால் எண்ணி விதைக்கிற தேதியைக் குறிப்பேன். நுனி கிள்ளினால் பூ கொஞ்சம் தள்ளிப் போகும், பக்கக் கிளை அதிகம் வரும். அந்த நாளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரு வருடம் சேர்க்காமல் விட்டு முழித்தேன்.

நாற்றங்கால் கதை இன்னும் மோசம். மூன்றாம் நாள் அழகாக முளைத்து நின்ற கோழிக்கொண்டை, ஒரு காலையில் போய்ப் பார்த்தால் வரிசையாகப் படுத்துக் கிடக்கிறது. இலை பச்சையாகவே இருந்தது. மண்ணைத் தொடும் இடத்தில் மட்டும் தண்டு நூல் போல மெலிந்து, வெந்தது மாதிரி இருந்தது. நாற்று அழுகல். பூச்சி என்று நினைத்து மாலையில் மருந்தடித்து, கூடவே தண்ணீரும் விட்டேன். மறுநாள் பக்கத்துத் தட்டும் போனது. வேலை முடித்து வந்து பொழுது சாய்கிற நேரத்தில் தண்ணீர் விடுவது என் வழக்கம். இரவு முழுக்க மேல்மண் ஈரமாகவே இருந்தால் பூஞ்சைக்குக் கேட்கவா வேண்டும்? நேரத்தைக் காலைக்கு மாற்றினேன், விதையை நெருக்கமாகத் தூவுவதை விட்டேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒன்றிரண்டு சாய்வதோடு சரி.

இனி டிரம்.

இரண்டாம் வருடம் செவ்வந்தி போட்டேன். மழை விட்டுப் பனி தொடங்கியதும் எல்லாச் செடியிலும் மொட்டு வந்தது, வேலியோரம் இருந்த மூன்று வரிசை தவிர. அந்த மூன்றும் பார்க்க மற்றவற்றைவிட நன்றாக இருந்தன. உயரம், கரும்பச்சை இலை, ஒரு குறை சொல்ல முடியாது. தழைச்சத்து அதிகமாகிவிட்டது என்று நினைத்து உரத்தை நிறுத்தினேன். ஒன்றும் ஆகவில்லை. பறிக்க வந்த அக்காதான் ஒரு நாள் கூப்பிட்டுக் காட்டினார். "தம்பி, இங்க மட்டும் மொட்டு இருக்கு பாருங்க." அந்த மூன்று வரிசைக்கு நடுவே, ஏழெட்டுச் செடியில் மட்டும் பட்டாணி அளவு மொட்டு. ஒரு பட்டை மாதிரி, குறுக்காக. அதன் முனையில் வேலியோரம் எங்கள் நீல டிரம் நின்றது.

பகலில் அந்த டிரம்மின் நிழல் அந்தப் பக்கம் விழவே விழாது. பிறகு எதற்கு அந்தச் செடிகளுக்கு மட்டும் சலுகை என்று மண்டையைக் குடைந்தேன். இரவில் மோட்டார் போட வந்தபோதுதான் புரிந்தது. பக்கத்துத் தோட்டக்காரர் திருட்டுப் பயத்தில் கொட்டகை வாசலில் புதிதாக விளக்கு மாட்டியிருந்தார். விடிய விடிய எரியும். அந்த வெளிச்சத்தில் டிரம்மின் நிழல் அப்படியே அந்த ஏழெட்டுச் செடி மேல் கிடந்தது.

செவ்வந்தி நீண்ட இரவைப் பார்த்தால்தான் மொட்டு வைக்கும் இனம். பகலின் நீளம் பூப்பதைத் தீர்மானிக்கிறது என்று கார்னர், அல்லார்ட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1920-லேயே புகையிலையையும் சோயாவையும் வைத்து எழுதியிருக்கிறார்கள். உண்மையில் செடி அளப்பது இருட்டைத்தான் என்பது பிறகு தெரிந்தது. நடு இரவில் கொஞ்ச நேரம் வெளிச்சம் பட்டாலே போதும், நீண்ட இரவைக் குட்டையான இரவு என்று எடுத்துக்கொள்ளும். என் செடிகள் விடிய விடிய விளக்கடியில் நின்றால் அவற்றுக்கு எப்போது இரவு? பக்கத்துத் தோட்டத்து அண்ணனிடம் போய்ச் சொன்னேன். "பூச்செடிக்குமா தூக்கம் வேணும்?" என்று சிரித்தார். ஆனால் விளக்கின் மேல் ஒரு தகரத்தை வளைத்து வைத்து, வெளிச்சத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். மூன்று வாரத்துக்குள் மொட்டு கண்ணில் பட்டது.

வெட்டுகிற நேரமும் இதே மாதிரிதான். வெயில் ஏறிய பிறகு வெட்டிய பூ வாளியில் போட்டும் தலை தொங்கும். விடியலில் வெட்டினால் தண்டில் நீர் நிறைந்திருக்கும். ஆனால் ஒவ்வொரு பூவுக்கும் பக்குவம் வேறு. சம்பங்கியைத் தண்டோடு வெட்டுவதென்றால் அடியில் இரண்டு மூன்று பூ விரிந்ததும் வெட்டலாம், பாக்கி வாளியில் விரியும். ஜினியா அப்படி இல்லை, வெட்டிய பின் விரியாது. பூவுக்கு ஒரு சாண் கீழே தண்டைப் பிடித்து லேசாக ஆட்டிப் பாருங்கள். கழுத்து துவண்டு ஆடினால் இன்னும் ஆகவில்லை, விறைப்பாக நின்றால் வெட்டலாம். கண்ணால் பார்த்து நான் வெட்டிய முதல் நூறு ஜினியாவும் மதியத்துக்குள் குனிந்துவிட்டன. வெட்டிய பூவைப் பழக்கூடை பக்கத்தில் வைக்காதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழுக்கிற பழம் விடுகிற எத்திலீன் என்ற வாயு பூவையும் சேர்த்து வயதாக்கிவிடும்.

மழைக்காலம் பற்றி அதிகம் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அடுக்குச் செண்டுமல்லி தண்ணீரைப் பஞ்சு மாதிரி பிடித்துக்கொண்டு உள்ளிருந்து பழுப்பாகும். இடைவெளி விட்டு நட்டு வடிகால் வெட்டியிருந்தால் கொஞ்சம் தப்பும். மழை வரப்போகிறது என்று தெரிந்தால் பாதி விரிந்ததையும் பறித்துவிடுவேன். அந்த நாட்களில் என்னைக் காப்பாற்றுவது வாடாமல்லியும் கோழிக்கொண்டையும். மழைக்கு முன்பே கத்தை கட்டி, காற்றோட்டமான இருட்டறையில் தலைகீழாகத் தொங்கவிட்டு வைத்தால் நிறம் நிற்கும்.

பூ இல்லாத இடைவெளியில் நிலத்தைச் சும்மா விடுவதில்லை. பசுந்தாள் உரத்துக்காகச் சணப்பை விதைத்து, பூக்கத் தொடங்கும்போது மடக்கி உழுகிறேன். ஒரு பாத்தியில் வேர்முடிச்சு நூற்புழு (வேருக்குள் புகுந்து முடிச்சு முடிச்சாக வீங்க வைக்கும் நுண்புழு) வந்தபோது செண்டுமல்லியே உதவியது. ஓரத்தில் நாலு செடி நட்டால் நூற்புழு ஓடிவிடும் என்று சிலர் எழுதுகிறார்கள், எனக்கு அப்படி நடக்கவில்லை. அந்தப் பாத்தி முழுக்க நெருக்கமாக நட்டு ஒரு பருவம் வளரவிட்ட பிறகுதான் அடுத்த பயிரின் வேர் சுத்தமாக வந்தது.

சரி, அந்த மூன்று வரிசை. இந்த வருடம் செவ்வந்தி எல்லாம் ஒரே சமயத்தில் வந்துவிடுமே என்று யோசித்தேன். அண்ணனிடம் போய், தகரத்தை ஒரு மாதத்துக்கு மட்டும் எடுத்துவிடச் சொல்லிக் கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எடுத்தார். மற்றவை பறித்து முடிகிற நேரத்தில் அந்த மூன்று வரிசையும் பூத்தன. டிரம்மை நகர்த்த மறந்துபோய், நடுவில் ஏழெட்டுச் செடி மட்டும் முன்னாலேயே பூத்து முடிந்திருந்தது.